மூன்று தலைக்கு ஒரு தலைப்பாகை

"அண்ணே, தலைப்பாகையைக் கழட்டுங்க" என்றார் விக்டர் சார், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் புளி மண்டி அர்ச்சுனன். கழற்றவில்லை.

அரூரில் பழைய மாணவர் சங்க விழா. பள்ளிக்கு உதவியவர்கள் மூன்று பேருக்குப் பாராட்டு. ஆளுக்கொரு பொன்னாடை உண்டு. ஜரிகைத் தலைப்பாகை மட்டும் ஒன்றே ஒன்று, அதுவும் வாடகைக்கு எடுத்தது. ஒருவருக்கு வைத்து, போட்டோ எடுத்து, கழற்றி அடுத்தவருக்கு வைக்க வேண்டும். சங்கத்தின் சிக்கனம் அப்படி.

முதல் தலை, சங்கத் தலைவர் மாதவராஜுடையது. அறுபத்தெட்டு வயதிலும் முடி காக்காய்க் கறுப்பு. வைத்த தலைப்பாகையைக் கழற்றாமலே நாற்பது நிமிடம் பேசினார். சித்திரை வெயில், தகரக் கூரை. வியர்வை ஆறாக ஓடியும் மனிதர் மைக்கை விடவில்லை.

அவரை உசுப்பிவிட்டதே இங்கிலீஷ் வாத்தியார் விக்டர்தான். தொகுப்புரையில் சும்மா இல்லாமல் ஒரு வார்த்தையை எடுத்துவிட்டார்.

"டாஃப்னு ஒரு பழைய இங்கிலீஷ் வார்த்தைங்க. போட்டிருக்கிறதைக் கழட்டறதுன்னு அர்த்தம். சட்டை, கோட்டு எதுக்கும் சொல்லலாம். ஆனா இப்பல்லாம் தொப்பிக்குத்தான் சொல்றாங்க. ஒருத்தரைப் பார்த்துத் தொப்பியை டாஃப் பண்ணினா, அவருக்கு மரியாதை. நாம கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டற மாதிரி."

மாதவராஜ் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"மரியாதைன்னா என்ன? தலை வணங்கறது! உழைக்கிற மக்களுக்கு முன்னால இதோ நான் டாஃப் பண்றேன்!" என்று தலைப்பாகையை உயர்த்தி, இடுப்பு வரை குனிந்தார். விசில் பறந்தது.

அடுத்து அது அர்ச்சுனன் தலையில் ஏறியது. பொட்டு முடி இல்லாத தலை. வழுக்கிக்கொண்டு புருவம் வரை இறங்கியது. போட்டோ எடுத்தார்கள்.

மூன்றாவது சாலம்மாள். இருபத்தேழு வருடமாகப் பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவர். நரைத்த தலையைப் படிய வாரி, சந்தன நிறப் புடவையில் நின்றார். வாழ்க்கையில் முதல் மேடை. மகள் ஏஞ்சலின் முன் வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அங்கேதான் சிக்கிக்கொண்டது.

அர்ச்சுனன் புருவத்தைத் துடைத்த விரலைப் பார்த்தார். ஒருமுறை சாலம்மாளைப் பார்த்தார். ஒருமுறை மாதவராஜைப் பார்த்தார். பிறகு தலைப்பாகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, கூட்டறவங்க தலைக்கு அது போவக் கூடாதுங்களா?" நாற்காலியில் இருந்தபடியே கேட்டார் மாதவராஜ், கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி.

அர்ச்சுனன் ஒரு கையால் போனை எடுத்துத் திரும்பி நின்று ஏதோ முணுமுணுத்தார்.

"மேடையில நின்னுக்கிட்டு போன் வேற பேசறான் பாரு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நாலு காசு சேர்ந்தா தலைக்கனமும் சேர்ந்துடுது."

சாலம்மாளின் முகம் சுண்டிவிட்டது. ஏஞ்சலின் போனைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாம்மா, வூட்டுக்குப் போலாம். நமக்கு எதுக்கு இந்த ஏச்சும் பேச்சும்?"

சாலம்மாள் போகவில்லை. நேராக அர்ச்சுனனிடம் நடந்தார்.

"விக்டர் சார், நீங்க சொன்னீங்களே டாஃப்பு, அது எனக்கும் தெரியுங்க. கல்யாணத்துக்கு முன்னால மில்லுல அஞ்சு வருசம் டாஃபிங் வேலைதான் பார்த்தேன். நூல் சுத்தி ரொம்பின பாபினைக் கழட்டறது. ஓடற மிசின்லயே கழட்டினவ. இதைக் கழட்ட மாட்டேனா?"

கூட்டம் சிரித்தது. சாலம்மாள் கையை நீட்டினார். அர்ச்சுனன் பதறிப் பின்வாங்கினார்.

"வேணாங்கம்மா, தொடாதீங்க!"

சிரிப்பு சட்டென்று நின்றது. தொடாதே என்கிறானா? இந்தக் காலத்தில், அதுவும் மேடையில் வைத்தா? பின் வரிசையில் நாலைந்து பேர் எழுந்தே விட்டார்கள்.

சாலம்மாள் அவர் கையை விலக்கி, ஒரே இழுப்பில் தலைப்பாகையை உருவினார்.

வழுக்கைத் தலை முழுக்கக் கன்னங்கரேலென்று இருந்தது. நெற்றியில் நாலு கறுப்புக் கோடுகள் வழிந்தன. சாலம்மாளின் விரல்களிலும் கறுப்பு. தலைப்பாகையின் உள்பக்கத் துணி, அடுப்படிக் கரித்துணி போல ஈரமாக இருந்தது.

"உங்க புடவையெல்லாம் பாழாயிடுமேன்னுதான்..." என்று முனகினார் அர்ச்சுனன்.

"டைடா!" என்றான் யாரோ. "வழுக்கைக்கு எவன்டா டை அடிப்பான்?"

பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது, மாதவராஜின் பக்கம்.

அர்ச்சுனன் அவசரமாக மைக்கைப் பிடுங்கினார்.

"என்னுதுதாங்க, என்னுதுதான்! மண்டையில மை தடவினா முடி முளைக்கும்னு ஒருத்தர் சொன்னாருங்க. ஆசை யாரை விட்டுது?"

நம்புவதற்கு அங்கே ஆள் இல்லை. ஆனால் ஊரே தன்னைத் திட்டினாலும் இன்னொருவன் மானம் போகக்கூடாது என்று நின்ற மனிதரைப் பார்த்துச் சாலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தலைப்பாகையை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் இறங்கினார்.

"அர்ச்சுனண்ணே, போன்ல சொன்னீங்களே, சாலம்மாளுக்குப் புதுசா ஒரு தலைப்பாகை வேணும்னு!"

சிவப்பு ஜரிகைத் தலைப்பாகை சாலம்மாளின் தலையில் ஏறியது. ஏஞ்சலின் போட்டோவாக எடுத்துத் தள்ளினாள். கூரை அதிரக் கைதட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில், தலை வணங்குவது பற்றி நாற்பது நிமிடம் பேசிய மாதவராஜ், தனக்குப் போர்த்திய பொன்னாடையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்பக்கப் படியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.