வால் உதிராத துணைத் தலைவர்

குளத்துத் தலைவர் தேர்தலில் நின்ற கிழத்தவளை, துணைத் தலைவர் பதவிக்கு ஒரு தலைப்பிரட்டையை நிறுத்தியது. தவளையின் பழைய கூட்டாளியான நண்டுக்கு மனசே ஆறவில்லை.

“இதுக்கு இன்னும் வாலே உதிரலையேண்ணே! நாளைக்கே உங்களைப் பாம்பு பிடிச்சிட்டா, இதுவா குளத்தைக் காப்பாத்தும்?”

“அதுகிட்டயே கேளேன்” என்றது தவளை.

நண்டு திரும்பியது. “ஏண்டா பொடியா, ஒரு தடவையாவது கரையேறிப் பாத்திருக்கியா?”

“இல்ல மாமா. தண்ணி வத்தினா நீங்கல்லாம் கரையேறிப் போயிருவீங்க. எனக்குக் காலில்ல. அதான் குளத்தைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே இருக்கேன். மேற்குக் கரையில ஒரு பொந்து வழியா தண்ணி வெளியே போகுது. பக்கத்துல போனா என் வாலையே இழுக்குது.”

அந்தப் பொந்து நண்டு தோண்டிய வளைதான். கொடுக்கு நிறையச் சேறு அள்ளிக்கொண்டு மேற்கே கிளம்பியது.

“எங்கப்பா இவ்வளவு அவசரமா?” என்றது தவளை.

“துணைத் தலைவர் வேலை சொல்லிட்டாரேண்ணே!”