தூக்கிய கை

மேசைமேல் ஒரு ஊர் எழும்பிக்கொண்டிருந்தது. அட்டைக் கடைகளும் பஞ்சு மரங்களும் வந்த பிறகு, ஊரைக் கட்டுகிறவர் பொம்மை ரயிலின் பிளாட்பாரத்தில் ஆட்களை ஒட்டினார். அவர்களில் ஒருவர் கட்டைவிரல் உயரம். ஒரு கையைத் தூக்கியபடியே வார்க்கப்பட்டவர்.

ரயில் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருதரம்கூட நிற்கவில்லை. அவருக்கு மானமே போயிற்று. கையை இறக்கவும் வழியில்லை.

"என்னண்ணே, இதையும் விட்டுட்டீங்களா?" என்று பக்கத்தில் ஒட்டியிருந்த பூக்காரி ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டாள். அவர் காது கேளாதவர் மாதிரி நின்றார்.

ஒருநாள் ஊரைக் கட்டுகிறவர் காலியாகக் கிடந்த ரயில் பெட்டிக்குள்ளும் ஆட்களை ஒட்டினார். அடுத்த சுற்றில் ரயில் வந்தபோது, ஜன்னலோரம் ஒரு சின்னப் பெண் கையை வெளியே நீட்டியிருந்தாள். அவரைத் தாண்டிப் போகையில் அவருக்கே டாட்டா காட்டுவதுபோல் இருந்தது.

பூக்காரி வாயைப் பிளந்தாள். "வழியனுப்பவா வந்தீங்க? சொல்லவே இல்லியேண்ணே!"

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. தூக்கிய கை முதல்முறையாக வலிக்கவில்லை.

"பின்னே, ரயிலை நிறுத்தவா நின்னேன்?" என்றார். "அது நின்னுட்டா, பாவம், புள்ள எப்பம்மா ஊர் போய்ச் சேரும்?"