கடை அதிரக் கேட்டவள்

"தம்பி, படுத்தா உடம்பெல்லாம் அடுப்புல வெச்ச மாதிரி கொதிக்குது. நைட்டியைப் பிழிஞ்சா ஒரு வாளித் தண்ணி! அதுக்கு என்ன மருந்து வெச்சிருக்கே?"

மருந்துக்கடையே திரும்பிப் பார்த்தது.

கவுன்ட்டரில் நின்றவள் மஞ்சள் மழைக்கோட்டின் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. முதுகுதான் தெரிந்தது. குரல் மட்டும் அந்த ஜெர்மன் ஊரான ஹூசுமின் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பின்னால் நின்ற வீப்கேவுக்குக் காது மடல் சிவந்துபோனது. ஒருத்தர் சங்கதி அடுத்தவர் காதில் விழக்கூடாது என்றுதானே தரையில் கோடு போட்டு, தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்? சீ, வெட்கங்கெட்ட ஜென்மம்!

வேடிக்கை என்னவென்றால், வீப்கே வந்ததும் அதே சங்கதிக்குத்தான்.

வயது ஐம்பத்தொன்று. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. மாதவிலக்கு நின்றுபோகிற நேரம். மூன்று மாதமாகச் சரியான தூக்கம் கிடையாது. பிப்ரவரிக் குளிரில் கார் ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பாள், ஓட்டுகிற பிள்ளைகளுக்குப் பல் தந்தியடிக்கும். நேற்று சிக்னலில் நின்றபோது கண் அசந்தே விட்டாள். "மேடம், பச்சை விழுந்துடுச்சு, போலாமா?" என்று கற்றுக்கொள்ள வந்தவன்தான் எழுப்பினான். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை போய்விடும். உயிரே போனாலும் போகும்.

இந்த மருந்துக்கு டாக்டர் சீட்டு வேண்டாம். ஆனால் மாத்திரையெல்லாம் கவுன்ட்டருக்குப் பின்னால். வாயைத் திறந்து கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

யாரிடம் கேட்பது? கடையில் இருப்பவன் தோர்பென். அவளிடம் கார் கற்றவன். "தெரியலைன்னா கேளுடா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று ஒவ்வொரு ரவுண்டானாவிலும் அவனிடம் கத்தியிருக்கிறாள். அந்தப் பையனிடம் போய் "எரியுது, வேர்க்குது" என்று சொல்வதா? ஊரிலிருந்த இன்னொரு மருந்துக்கடையில் நிற்பவளோ பழைய நாத்தனார். அவளிடம் சொல்வதற்குப் பேசாமல் பேப்பரிலேயே போட்டுவிடலாம்.

ஆக, மூன்று நாளாக வேலை முடிந்து வருவாள், தொண்டை மிட்டாய் வாங்குவாள், போய்விடுவாள். இன்று நான்காவது நாள்.

"இது சேஜ் இலை மாத்திரைம்மா, வேர்வைக்கு." தோர்பென் அசரவில்லை. "சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. இது ஒரு செடியோட வேர். இதுக்கு ஒரு மாசமாவது பொறுமை வேணும். ஈரல்ல கோளாறு இருக்கறவங்களுக்கு ஆகாது."

"அந்த மஞ்சப் பூ மாத்திரை? எரிஞ்சு எரிஞ்சு விழறவங்களுக்கு அமிர்தம்னு பக்கத்து வீட்டுக்காரி அடிச்சுச் சொல்றாளே!"

வீப்கே காதைத் தீட்டிக்கொண்டாள். அவள் வாங்க நினைத்திருந்ததே அதைத்தான்.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க அதைத் தொடவே கூடாது. அந்த மாத்திரையோட வேலையையே இது கெடுத்துடும்."

வீப்கேவுக்குத் திக்கென்றது. இதயக் கோளாறுக்காக இதே கடையில் வாங்கி அவள் தினமும் விழுங்குவது அந்த மாத்திரைதான்.

"எனக்கு அதெல்லாம் கிடையாதுப்பா."

"பொதுவா சொன்னேம்மா," என்றான் தோர்பென், கொஞ்சம் சத்தமாகவே.

"சரி, அந்த இடத்துல வறண்டு போறதுக்கு?"

வீப்கேவுக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர் சட்டென்று திரும்பி, பற்பசைகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார்.

"களிம்பு இருக்கு. ரெண்டு மாசம் பாத்தும் தூக்கம் வரலைன்னா டாக்டர்கிட்ட போயிடணும். இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல."

"யோசிச்சுட்டு வரேன்," என்று மஞ்சள் கோட்டுக்காரி தலை குனிந்தபடி வெளியே போனாள்.

வீப்கே தரையிலிருந்த கோட்டைத் தாண்டினாள்.

"அந்தம்மாவுக்குக் காட்டினியே... அந்த சேஜ். ஒண்ணு குடு."

தோர்பென் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்து, இலவசமாக ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலமும் வைத்தான்.

வெளியே அந்த மஞ்சள் கோட்டுக்காரி சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். இப்போது தொப்பி இல்லை. தலை பஞ்சாய் நரைத்திருந்தது. மனசுக்குள் திட்டியதற்கு வீப்கேவுக்கே கூச்சமாக இருந்தது.

"இவ்வளவு கஷ்டத்தைச் சொல்லிட்டு, ஒண்ணுமே வாங்காம வந்துட்டீங்களே?"

"எனக்கெதுக்குடியம்மா? எழுபத்தி மூணு வயசாச்சு. அந்தக் கொதிப்பெல்லாம் அடங்கி இருபது வருஷம்!"

"அப்புறம் எதுக்கு அவ்வளவு கேள்வி?"

கிழவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அந்தத் தோர்பென் என் அக்கா மகன். காலையில போன் போட்டான். 'சித்தி, ஒருத்தங்க தினமும் அஞ்சு மணிக்கு வந்து வேர்த்து விறுவிறுத்து நிக்கறாங்க. என்கிட்ட கேக்கக் கூச்சப்படறாங்க. நீ வந்து கடை அதிரக் கேளு, மத்ததை நான் பாத்துக்கறேன்'னான். யாருன்னு மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டான். திரும்பியே பாக்கக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டான்."

வீப்கே திரும்பி, கடைக் கண்ணாடி வழியே தோர்பெனைப் பார்த்தாள்.

"நீ உள்ளதானே நின்னுட்டிருந்தே? அந்தப் பொண்ணு வந்துச்சோ என்னமோ, பாவம். காதுல விழுந்திருக்குமா?"

வீப்கே பையிலிருந்து சேஜ் டப்பாவை வெளியே எடுத்தாள். தெருவே பார்க்க உயர்த்திக் காட்டினாள்.

"விழுந்துது சித்தி! ஒரு வார்த்தை விடாம விழுந்துது!"