நாற்பது கேள்வித்தாள்கள்

தொழிலில் ஜெயிக்க எந்தத் திறமை வேண்டும் என்பதுதான் வெங்கடரமணனின் ஆராய்ச்சி. செஞ்சிக் கடைத்தெருவில் நாற்பது வியாபாரிகளிடம் பதில் வாங்கியாக வேண்டும். திங்கட்கிழமை சென்னையில் கொடுக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும்.

நான்கு நாளாகியும் ஒரு தாள்கூட நிரம்பவில்லை. கையில் நோட்டுடன் அவன் தெருமுனையில் திரும்பியதுமே கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சாத்த முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் கும்பிட்டார்கள்.

"ஏவாரமே இல்லீங்க. ஈ ஓட்டிக்கினு இருக்குறோம்."

உத்திராபதியின் மளிகைக் கடை மட்டும் திறந்திருந்தது. அங்கே கூட்டம் நெரிந்ததால் அவருக்கும் பதில் சொல்ல நேரமில்லை.

"செத்த குந்துங்க சார். சோடா சாப்புடுங்க" என்று தினமும் உபசரித்ததோடு சரி.

சனிக்கிழமை வெங்கடரமணன் பெட்டியோடு வந்து நின்றான்.

"நான் ஊருக்குக் கிளம்பறேன். இந்த ஊர்ல என்னைப் பார்த்தா ஏன் எல்லாரும் ஓடறாங்க?"

"உங்கள சேல்ஸ் டாக்ஸ் ஆபீசர்னு நெனச்சிக்கினாங்க சார். பில்லு போடாம விக்கிறவனுக்கு பயம் இருக்காதா?"

"நாலு நாள் வீணாப் போச்சே! சரி, நீங்க மட்டும் ஏன் கடையைச் சாத்தலை?"

உத்திராபதி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் எதுக்கு சாத்தணும்? அவங்ககிட்ட அப்படிச் சொன்னதே நான்தானே."

உத்திராபதி பருப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தீபாளிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்குது. அதுவரைக்கும் இருங்களேன் சார். லாட்ஜ் வாடகைய நான் குடுத்துடறேன்."