லிட்டருக்குப் பதினொன்று

மலையுச்சியைத் தாண்டியதும் கிரிசாந்தோ சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது.

ஜீப்னி வண்டி நிற்கவில்லை.

இத்தனை நேரம் எஞ்சின் சத்தத்தில் அமுங்கிக் கிடந்ததெல்லாம் இப்போது கேட்டது. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகள் உரசிக்கொள்வது, தகரக் கூரை நடுங்குவது, டயருக்கடியில் சரளை நெரிபடுவது.

பக்கத்து இருக்கையில் பெலீசா முன்கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

ஏழு மாதங்களுக்கு முன்னால் இதே இறக்கத்தில்தான் அவள் கணவன் டெல்பினின் வண்டி மலைச்சுவரில் மோதி அவன் இறந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் தோளெலும்பு முறிந்ததோடு தப்பித்தாள். பனி கண்ணை மறைத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை.

கிரிசாந்தோ டெல்பினின் தம்பி. இப்போது அவள் தோட்டத்துக் காய்களை லா டிரினிடாட் சந்தைக்கு இறக்குவது அவன்தான். நேற்றுவரை அடிவாரத்துக்குப் பக்கத்தில், வளைவுகள் குறைந்த இடத்தில்தான் டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைப்பான். இன்று உச்சியிலிருந்தே அணைத்துவிட்டான்.

"அண்ணன் லிட்டருக்குப் பதினொன்னு கிலோமீட்டர் ஓட்டினாரு அண்ணி. நான் தலைகீழா நின்னு பாத்துட்டேன், எட்டரையத் தாண்ட மாட்டேங்குது. இன்னைக்குப் பாருங்க."

அந்தப் பதினொன்றுக்காக அவன் என்னென்னவோ செய்திருந்தான். அண்ணனைப் போலவே டீசல் குழாயில் காந்தம் கட்டினான். டயர்களில் காற்றைக் கல் மாதிரி ஏற்றினான். பானட்டின் மேல் நின்ற இரண்டு தகரக் குதிரைகளையும் கனம் என்று கழற்றிக் கோழிக்கூண்டின் மேல் வைத்தான். மாற்றுச் சக்கரத்தைக்கூட வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தான். டீசல் பங்கில் மற்ற ஓட்டுநர்கள், அடுத்து ஸ்டியரிங்கையும் கழற்றிவிடு, அதுவும் கனம்தானே என்று கேலி செய்தார்கள்.

கேலி செய்தவர்களே டெல்பின் பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இந்த மலையில் அப்படி ஒரு கை இனி வராது என்றார்கள். சாவு வீட்டில் மூன்று நாளும் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து அதையேதான் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் மாமியார் ஒரு வாய் சாப்பிட்டாள்.

முதல் வளைவு. கிரிசாந்தோ பிரேக்கை மிதித்தான். வண்டி அடங்கியது.

இரண்டாவது வளைவில் மிதித்தபோது அவன் இருக்கையை விட்டுச் சற்று எழும்ப வேண்டியிருந்தது.

எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்கில் மிச்சமிருக்கும் பலம் இரண்டு மூன்று மிதிக்குத்தான். பிறகு பெடல் பாறையாகிவிடும். பெலீசாவுக்கு அது தெரியும். ஒரு கால் அந்தப் பாறையை மிதிமிதியென்று மிதித்ததை அவள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள்.

எஞ்சினைப் போடு என்றாள். அண்ணன் பக்கத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்து வந்தவங்களுக்கு இந்தப் பயம் எதுக்கு என்று அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை.

அவள் சொல்ல வேண்டியது வேறு. சொல்லவும் பயமாக இருந்தது, சொல்லாமலிருக்கவும் பயமாக இருந்தது. உள்ளங்கை வியர்த்துக் கம்பி வழுக்கியது.

மூன்றாவது வளைவு. அவள் பக்கம் வெறும் பனி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"கிரிசாந்தோ, உங்கண்ணன் பதினொன்னு ஓட்டவே இல்ல. தெனம் காலையில நான்தான் டேங்குல ரெண்டு லிட்டர் ஊத்தினேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். ரோட்டைப் பார் என்று கத்திவிட்டு, மீதியை ஒரே மூச்சில் கொட்டினாள்.

பம்புசெட்டுக்கு வைத்திருந்த டிரம்மிலிருந்து டீசல் எடுத்து, அவர் காப்பி குடிக்கும் நேரத்தில் ஊற்றினாள். காந்தம் வேலை செய்கிறது என்று நம்பிவிட்டால் எஞ்சினை அணைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவார் என்று நினைத்தாள். ஒருநாள் சோதித்துப் பார்க்க அவர் காந்தத்தைக் கழற்றியிருக்கிறார். அது தெரியாமல் அன்றும் ஊற்றினாள். பதினொன்று குறையவில்லை. அப்படியென்றால் காந்தம் இல்லை, என் கைதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவளால் நிறுத்தவும் முடியவில்லை. நிறுத்தினால் குறையும். குறைந்தால் இன்னும் மேலே இருந்தே அணைப்பார்.

கிரிசாந்தோ பெடலின் மேல் ஏறி நிற்பதுபோல மிதித்தான். வண்டி கேட்கவில்லை.

கை சாவிக்குப் போனது. எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமியது. பிடித்துக்கொண்டது.

அவன் கியரை இடித்து உள்ளே தள்ளினான். மூட்டைகள் முன்னால் சரிந்து அவள் முதுகில் மோதின. வண்டி அலறி, முனகி, ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்தது.

அடுத்த வளைவில் மலைச்சுவரின் மேல் சிவப்புப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. இருவரும் அதைப் பார்க்காமல் கடந்தார்கள்.

அடிவாரத்து முதல் வீடுகள் தெரிந்த பிறகு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் கேட்டான்.

"அண்ணனுக்கு இது தெரியுமா?"

பெலீசா கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன். அன்னைக்குத்தான், உச்சியில வச்சு சொன்னேன். சிரிச்சாரு. 'என் கைய நம்பலையா, இப்பப் பாரு'ன்னு சாவியத் திருப்பினாரு."