ஒரு நூல் சாய்வு

தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில், பட்டறை நடுவே நிற்கும் சிற்பத்தின் மேல் விழுகிறது. நான்கு இரும்புக் கனசதுரங்கள், ஒவ்வொன்றும் கீழே உள்ளதன் ஒரு மூலையில் மட்டும் கால் ஊன்றி, இதோ விழப்போகிறேன் என்று பயம் காட்டிக்கொண்டு நெஞ்சு உயரத்துக்கு நிற்கின்றன. தங்கை செய்தது. அக்காவின் சிற்பம் சுவரோரமாகச் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. கனசதுரங்களைப் பற்றவைத்த இடங்களை அக்கா கட்டைவிரலால் தடவிக்கொண்டே சுற்றி வருகிறாள். ஒரு பிசிறுகூடத் தட்டவில்லை. சாக்குக்கு அடியில் கிடக்கும் தன் சிற்பத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். "எப்படிக்கா இருக்கு?" தங்கை முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் கேட்கிறாள். "நல்லாத்தான் இருக்கு. உச்சியில இருக்கறது மட்டும் ஒரு நூல் சாயற மாதிரி இல்ல?" தங்கையின் முகம் வாடிப்போகிறது. ரசமட்டத்தை எடுத்து உச்சியில் வைக்கிறாள். குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவே போய் அசையாமல் உட்கார்கிறது. இருவரும் குனிந்து அதையே பார்க்கிறார்கள். "மட்டம் சரின்னுதான் காட்டுது. ஆனா உன் கண்ணுக்குப் பட்டுச்சுன்னா அது சாய்வுதான். அறுத்துட்டு மறுபடி வைக்கறேன்." இரும்பு அறுக்கும் கிரைண்டரின் வயரை உதறி எடுக்கிறாள். வெயில் இப்போது உச்சிக் கனசதுரத்தின் விளிம்பில் கத்திபோல் மின்னுகிறது. அக்கா வாயைத் திறக்கிறாள். தங்கை முந்திக்கொள்கிறாள். "ஆடாம பிடிச்சுக்கோக்கா." கிரைண்டர் அலறுகிறது. தீப்பொறி இருவர் காலடியிலும் சிதறுகிறது. கனசதுரம் இம்மிகூட ஆடவில்லை. அக்கா அவ்வளவு பத்திரமாகப் பிடித்திருக்கிறாள்.