அவர் நாக்கில் மீன்குழம்பு

புற்றுநோய் வார்டுக்குச் சமைப்பவள் நான். சாப்பாடு எப்படி என்று கேட்டால் நோயாளிகள் எல்லோரும் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். அதனால் அவர்கள் நாக்கின் ருசியை என் நாக்குக்குக் கொண்டுவரும் மெல்லிய மின்பட்டையை நாக்கில் ஒட்டிக்கொண்டுதான் சமைப்பேன்.

கீமோ ஏறிய மாசிலாமணியின் நாக்கில் எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவதுபோல் இருந்தது. மூன்று நாள் போராடி, உப்பில்லாமல் இஞ்சியும் மாங்காயும் தட்டிப் போட்ட மோரில் கரையேறினேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

அவர் மனைவி தனபாக்கியம் அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"நான் வீட்லேர்ந்து கொண்டுவர்ற மீன்குழம்புச் சோத்த ஒரு பருக்கை விடாம சாப்பிடுறாரு. உன் மோரு மட்டும் என்ன ஒசத்தி?"

பட்டையை நீட்டினேன். "இத நாக்குல ஒட்டிக்கிட்டு உங்க குழம்பச் சாப்பிட்டுப் பாருங்கக்கா."

அக்கா ஒரு வாய்தான் வைத்தார். விழுங்க முடியவில்லை. கண் கலங்கிக் கட்டில் பக்கம் திரும்பினார்.

"இதையா நாலு மாசமா நல்லாருக்குன்னு சாப்பிட்டீங்க?"

மாசிலாமணி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பஸ் மாறி எடுத்துட்டு வர்றியே," என்றார்.